திராட்சையும் வால்நட்டும் சேர்த்த கிரீமி சிக்கன் சாலட்: நீர் விடாமல் செய்வது எப்படி?

இந்த சாலட்டில் பெரும்பாலும் ருசியில் தவறு நேர்வதில்லை, நீரில்தான் நேர்கிறது. கலந்ததும் கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஃபிரிட்ஜைத் திறந்தால் கிண்ணத்தின் அடியில் மோர்த் தண்ணீர் தேங்கியிருக்கும். கறி சப்பென்றும் பருப்பு நமத்தும் போயிருக்கும். கறி, பழம், தயிர், வெங்காயம் எல்லாமே ஈரத்தை உள்ளே வைத்திருப்பவை. உப்பு பட்டதும் அந்த ஈரம் வெளியே வரத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு பொருளையும் உலர்த்தி, குளிர வைத்து, அதற்குப் பிறகே மயோனைஸோடு சேர்க்க வேண்டும். கீழே சொல்லும் வேலைகளில் பாதி இதற்காகத்தான்.

நான்கு பேருக்கான அளவு: எலும்பில்லாத, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 500 கிராம் (வெந்தபின் 350 முதல் 375 கிராம் தேறும்), மயோனைஸ் 100 கிராம், வடித்த கெட்டித்தயிர் 60 கிராம், விதையில்லாத பச்சைத் திராட்சை 150 கிராம், வால்நட் 50 கிராம், செலரித் தண்டு 60 கிராம், சின்ன வெங்காயம் 4, எலுமிச்சைச் சாறு 2 டீஸ்பூன், மஸ்டர்ட் பேஸ்ட் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், தேவையான உப்பு.

கறியை வேகவைத்தல்

முழு கவனமும் இங்கே வேண்டும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. வெப்பம் ஏற ஏற அதன் நார்கள் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றும். தளதளவென்று கொதிக்கும் நீரில் வெந்த கறி பஞ்சுபோல் வறண்டிருப்பது இதனால்தான். குக்கரில் வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்கும். எலும்புக் குழம்புக்கு அது சரி, சாலட்டுக்கு வேண்டாம்.

கறித்துண்டு 3 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் படுக்கைவாட்டில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஓரம் வறண்ட பிறகும் நடுப்பகுதி வேகாமல் நிற்கும். அகலமான பாத்திரத்தில் கறியை ஒரே அடுக்காக வைத்து, மூழ்கும் அளவு குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு 2 டீஸ்பூன் உப்பு, 10 மிளகு, ஒரு பிரிஞ்சி இலை, இரண்டு வில்லை இஞ்சி போதும். கறிக்குள் உப்பு இறங்குவது இந்தக் கட்டத்தில் மட்டுமே. பிறகு மயோனைஸில் எவ்வளவு உப்பு சேர்த்தாலும் அது மேலோடு நின்றுவிடும்.

மிதமான தீயில் வைத்து, அடியிலிருந்து சின்னக் குமிழ்கள் எழத் தொடங்கியதும் தீயை மிகக் குறைத்துவிடுங்கள். நீர் அசைய வேண்டும், கொதிக்கக் கூடாது. இப்படி 10 முதல் 12 நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து மூடி, இன்னும் 10 நிமிடம் அப்படியே விடுங்கள். உணவு வெப்பமானி இருந்தால் மிகத் தடித்த இடத்தில் 74 டிகிரி காட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் மறுபடி மூடி 3 நிமிடம் சூடாக்குங்கள்.

வெந்ததும் நீரிலிருந்து எடுத்துத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியபின் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடான கறியில் மயோனைஸைக் கலந்தால் எண்ணெய் பிரிந்து, சாலட் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். குளிர்ந்த கறியை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி, ஒரு செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். நாராகப் பிய்த்தால் மயோனைஸை அதிகமாக உறிஞ்சி, பசைபோல் ஒட்டிக்கொள்ளும்; சாண்ட்விச்சுக்குள் வைக்க அது நல்லது, தட்டில் பரிமாறச் சதுரமே அழகு. வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள், சூப்புக்கு ஆகும்.

தொடைக்கறி சாறு நிறைந்ததுதான். ஆனால் அதன் கொழுப்பு குளிரில் உறைந்து நாக்கில் மெழுகாய் ஒட்டும். தந்தூரி சிக்கன் மிச்சமிருந்தால் அதை இதில் போட வேண்டாம், சாயம் இறங்கி எல்லாம் ஆரஞ்சாகிவிடும்.

மயோனைஸும் தயிரும்

வெறும் மயோனைஸ் மட்டும் போட்டால் நாலாவது வாயிலேயே திகட்டும். தயிரின் புளிப்பு அதைத் தணிக்கிறது. 200 கிராம் புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் 4 மணி நேரம் வடியவிட்டால் ஏறக்குறைய பாதி மிஞ்சும். வடிக்காத தயிரைக் கலந்தால் கிண்ணத்தின் அடியில் அந்த மோர்த் தண்ணீர் உறுதி.

மயோனைஸை வீட்டில் பச்சை முட்டையில் அடிக்க வேண்டாம். சால்மோனெல்லா போன்ற கிருமிகளின் ஆபத்தால் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. சமைக்காமல் குளிராகச் சாப்பிடும் உணவு என்பதால் கிருமி அழிய இங்கே வழியே இல்லை. கடையில் கிடைக்கும் முட்டையில்லாத மயோனைஸ் போதும். அதில் இனிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். எலுமிச்சையும் மஸ்டர்டும் அதைச் சரிசெய்யவே. சர்க்கரையோ தேனோ சேர்க்க வேண்டியதில்லை.

எந்தப் பழம், எந்தப் பருப்பு

திராட்சைதான் முதல் தேர்வு. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடித்தால் மட்டுமே சாறு விடும். கம்பம் பன்னீர் திராட்சை சாப்பிட அருமையானது, ஆனால் விதையும் கழன்று வரும் தோலும் சாலட்டுக்கு ஒத்துவராது. விதையில்லாத பச்சைத் திராட்சையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, நீளவாக்கில் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி டிஷ்யூவில் 10 நிமிடம் வையுங்கள். சின்னக் குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் நீளவாக்கில் நாலாகவே வெட்டுங்கள். முழுத் திராட்சை தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஆப்பிளும் சேர்க்கலாம், வெட்டியவுடன் எலுமிச்சைச் சாற்றில் புரட்டாவிட்டால் கறுக்கும். செங்காய்ப் பருவத்து மாம்பழம் நன்றாக இருக்கும், கனிந்தது குழைந்துவிடும். சூடுபடுத்தாத அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றையும் தவிருங்கள். இவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. ஃபிரிட்ஜில் ஓர் இரவு இருந்தால் கறி மாவுபோல் ஆகிவிடும். டின்னில் வரும் அன்னாசி சூடுபடுத்தப்பட்டது, அதனால் பிரச்சினை இல்லை. சிரப்பை முழுவதும் வடித்தால் போதும். மாதுளை முத்துகளைக் கலக்காமல் கடைசியில் மேலே தூவுங்கள். உலர்திராட்சை இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டால் அது மிச்ச ஈரத்தைக் குடித்து உப்பும், நமக்கு லாபமே.

வால்நட்டை அடிகனமான வாணலியில், எண்ணெயில்லாமல், சிறு தீயில் 6 அல்லது 7 நிமிடம் கிளறி வறுத்து, முழுவதும் ஆறியபின் உடையுங்கள். வறுத்தால் தோலின் துவர்ப்பு குறையும், மொறுமொறுப்பு கூடும். வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். காறல் அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. முந்திரி மென்மையானது, சீக்கிரம் நமக்கும். பாதாமைச் சீவிப் போடலாம்.

செலரி கிடைக்காவிட்டால் முட்டைக்கோஸின் உள்தண்டையோ குடைமிளகாயையோ பொடியாக நறுக்குங்கள். வெள்ளரிக்காய் வேண்டவே வேண்டாம். வெங்காயத்தை நறுக்கிக் குளிர்ந்த நீரில் 10 நிமிடம் போட்டுப் பிழிந்தால் காரம் அடங்கும்.

கலப்பது

மயோனைஸ், தயிர், மஸ்டர்ட், எலுமிச்சை, மிளகு, உப்பு எல்லாவற்றையும் முதலில் தனியாக அடித்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால் பங்கை மட்டும் கறி, செலரி, வெங்காயத்தோடு சேர்த்து, மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கறி கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு திராட்சையைச் சேர்த்து, உலர்ந்ததுபோல் தெரிந்தால் மிச்சக் கால் பங்கையும் ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். குளிர்ந்த உணவில் உப்பும் புளிப்பும் மங்கித்தான் தெரியும், ஆகவே கடைசி ருசி பார்ப்பது குளிர்ந்தபின் இருக்கட்டும். பருப்பு பரிமாறும்போதுதான்.

மசாலா வாசனை பிடிக்குமென்றால் இங்கிலாந்தின் 'கொரோனேஷன் சிக்கன்' வழியில் போகலாம். 1953இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்காக ரோஸ்மேரி ஹ்யூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரையும் உருவாக்கியது. கறித்தூள், ஆப்ரிகாட் விழுது, மயோனைஸ் சேர்ந்தது. வீட்டில் செய்ய, ஒரு டீஸ்பூன் கறிமசாலாத் தூளை ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சிறு தீயில் அரை நிமிடம் வதக்கி, ஆறவைத்து மயோனைஸில் கலக்குங்கள். பச்சையாகப் போட்டால் தூள் வாசனை வரும். பாதாமும் உலர்திராட்சையும் இதற்குப் பொருத்தம்.

4 டிகிரிக்குக் கீழே மூடிவைத்தால் மூன்று நாள் தாங்கும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் போகும் நம் கோடையில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோவதானால் ஐஸ் பேக் அவசியம், பருப்பு தனிப் பொட்டலத்தில். ஃப்ரீசரில் வைத்தால் மயோனைஸ் திரிந்துபோகும், திராட்சையும் குழகுழத்துவிடும்.