நுரையீரல் புற்றுநோய்: சிகிச்சை தொடங்கும் முன் நடக்கும் தவறுகள்

நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கீமோ எப்போ ஆரம்பிப்பாங்க?" பதறுவது இயல்பு. ஆனால் சிக்கலான கேஸ்களில் திருத்த முடியாத தவறுகள் பெரும்பாலும் சிகிச்சைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில்தான் நடக்கின்றன.

நம் ஊரில் இது காசநோயிலிருந்தே தொடங்கிவிடுகிறது. விடாத இருமல், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் ஒரு நிழல் என்றால் டிபி மாத்திரை. சளியில் கிருமி தெரியாமலே மாத்திரையைத் தொடங்கி, நிழல் குறையாதபோதும் மாதக்கணக்கில் தொடர்பவர்கள் உண்டு. "அம்மா சிகரெட் பக்கமே போனதில்லையே" என்று பயாப்ஸியைத் தள்ளிப்போடுவார்கள். புகைக்காதவர்களுக்கும் இந்தப் புற்றுநோய் வருகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெட் ஸ்கேனில் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. காசநோயால் வீங்கிய நெறிக்கட்டியும் ஒளிரும். நடுமார்பில் ஒளிர்வதைப் பார்த்ததுமே "பரவிடுச்சு, ஆபரேஷன் பண்ண முடியாது" என்று முடிவுகட்டினால், குணமாகியிருக்கக்கூடிய ஒருவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். ஈபஸ் என்ற கருவியை மூச்சுக்குழாய் வழியாகச் செலுத்தி, அந்தக் கட்டியிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்த்த பிறகே நிலையைத் தீர்மானிக்க வேண்டும். மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எம்ஆர்ஐ வேண்டும். சிடி ஸ்கேனில் சின்னப் புள்ளிகள் தப்பிவிடும்.

அடுத்து, பயாப்ஸி ரிப்போர்ட். 'அடினோகார்சினோமா' (நுரையீரல் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை) என்ற வரியோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் பார்ப்பதிலேயே அதிகம் கவலை தரும் தவறு. ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 போன்ற மரபணு மாற்றங்கள் இருக்கின்றனவா என்று தெரியாமல் மருந்தை முடிவு செய்யவே கூடாது. இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. அவர்களுக்குத் தினமும் விழுங்கும் மாத்திரையே (ஒசிமெர்டினிப், ஜெஃபிட்டினிப் போன்றவை) முதல் சிகிச்சையாகலாம். எழுந்து நடக்க முடியாதவர்கூட அந்த மாத்திரையால் தேறுவதுண்டு. ஆகவே "வயசு எழுபத்தஞ்சு, ரொம்ப சோர்ந்துட்டார், விட்டுடுங்க" என்று சொல்வதற்கு முன் இந்த ரிப்போர்ட் கைக்கு வரட்டும். எடுத்த திசு நகத்துணுக்கு அளவுதான் இருக்கும். மற்ற டெஸ்ட்களிலேயே அது தீர்ந்துவிடாமல் மரபணு டெஸ்டுக்கும் கொஞ்சம் ஒதுக்கச் சொல்லி முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். திசு போதவில்லை என்றால் ரத்தத்திலும் பார்க்கலாம். ஆனால் ரத்தத்தில் 'நெகட்டிவ்' என்று வந்ததை வைத்து மாற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ரிப்போர்ட் வருவதற்குள் இம்யூனோதெரபியை (உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் ஊசி) தொடங்குவது இன்னும் ஆபத்து. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதோடு, அந்த ஊசி போட்ட கொஞ்ச நாளிலேயே ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் அபாயம் கூடுகிறது. ஊசியை நிறுத்தினாலும் அதன் தாக்கம் உடம்பில் மாதக்கணக்கில் இருக்கும். காத்திருக்கவே முடியாத அளவுக்கு மூச்சுத்திணறல் இருந்தால், கீமோவை மட்டும் தொடங்கி, இம்யூனோதெரபியை ரிப்போர்ட் வரும்வரை நிறுத்திவைப்பதே வழக்கம்.

மூன்றாம் நிலை நோய் (மார்புக்குள்ளேயே நெறிக்கட்டிகள் வரை பரவியது) ஒரே டாக்டர் முடிவு செய்யும் விஷயமே இல்லை. அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், கீமோ நிபுணர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் 'ட்யூமர் போர்டு' அதற்காகத்தான் இருக்கிறது. எதை முதலில் செய்வது என்ற வரிசையே இங்கே முக்கியம். ஆபரேஷனுக்கு முன்பே கீமோவும் இம்யூனோதெரபியும் கொடுக்கும் வழி, அவசரமாகக் கத்தி வைத்துவிட்டால் போய்விடும். ஆபரேஷன் செய்ய முடியாதவர்களுக்குக் கீமோவும் கதிர்வீச்சும் முடிந்தபின் டர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி கொடுப்பது வழக்கம். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தால் கணக்கே வேறு: 2024-இல் வெளிவந்த லாரா ஆய்வில், ஒசிமெர்டினிப் எடுத்தவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் தாண்டிய காலம்) 39.1 மாதம், எடுக்காதவர்களுக்கு 5.6 மாதம்தான்.

இந்த மாத்திரை வேலை செய்யாமல் போனால் உடனே வேறு மருந்துக்குத் தாவாதீர்கள். ஓரிடத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் அங்கே கதிர்வீச்சு கொடுத்துவிட்டு அதே மாத்திரையைத் தொடரலாம். பரவலாக வளர்ந்தால் மறுபடி பயாப்ஸி தேவைப்படும். சிலருக்கு நோய் 'ஸ்மால் செல்' என்ற வேறு வகையாகவே மாறியிருக்கும், அதற்குக் கீமோவே வேறு. ஜெஃபிட்டினிப் எடுப்பவர்கள் வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோலைக் கடையில் தாங்களாகவே வாங்கிப் போட வேண்டாம். மருந்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.

வலிதணிப்பு மருத்துவர் என்றதும் "கைவிட்டுட்டாங்க" என்று பயப்படுகிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்துச் செய்த, 2010-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே வலிதணிப்பும் பெற்றவர்கள் 11.6 மாதமும், பெறாதவர்கள் 8.9 மாதமும் வாழ்ந்தார்கள் (இடைநிலை அளவு). "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று தடுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்தப் பக்கவிளைவை எவ்வளவு தாங்குவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் கருத்து கேட்கப் போகும்போது ரிப்போர்ட் தாள்கள் மட்டும் போதாது. ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டு, பயாப்ஸி ஸ்லைடு, திசுவை மெழுகில் பதித்த 'பிளாக்' மூன்றையும் ஆஸ்பத்திரி லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கில் திசு மிச்சமிருந்தால், அந்த உடம்பில் மறுபடி ஊசி குத்தாமலே மரபணு டெஸ்டை முடித்துவிடலாம்.