லண்டன் போய் வந்ததும் தொலைந்த தூக்கம்

மே மாதம் இரண்டு வாரம் லண்டன் சுற்றிவிட்டுச் சென்னை திரும்பினோம். ஃபிரிட்ஜை அணைத்துக் கதவையும் சாத்திவிட்டுப் போயிருந்ததால் வீடே நாறியது. அது சமையல் சோடாவில் ஒரே நாளில் போயிற்று. போகாமல் படுத்தியது தூக்கம்தான்.

கோடையில் லண்டன் நமக்கு 4½ மணி நேரம் பின்னால். இங்கே இரவு 11 மணிக்குப் படுத்தால் உடம்புக்கு அது மாலை 6.30. பிள்ளைகள் ராத்திரி 2 மணிக்குத் தோசை கேட்டார்கள். பாவம் என்று மதியம் தூங்கவிட்டேன். அதுதான் தப்பு. மூன்று மணி நேரம் அடித்துப்போட்ட தூக்கம், அப்புறம் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழிப்பு.

மறுநாள் விடிகாலையிலேயே மொட்டை மாடிக்கு இழுத்துப் போனேன். அதுவும் தப்பாம்! உடம்பு நடு இரவு என்று நினைக்கும் நேரத்தில் வெளிச்சம் பட்டால் உள்கடிகாரம் இன்னும் பின்னுக்குத்தான் போகுமாம். சரி என்று 9 மணி வரை திரைச்சீலையை இழுத்து வைத்து, 10 மணிக்கு வேப்பமர நிழலில் உட்காரவைத்தேன். அடுத்த நாள் 9, அதற்கடுத்து 8 என்று தினமும் ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினேன். மதியத் தூக்கம் அலாரம் வைத்து அரை மணி. இரவு 8 மணிக்குத் தயிர்சாதம், அதோடு டிவியும் போனும் கிடையாது.

ஐந்தாம் நாள் சின்னவள் 9.30க்கே சோபாவில் சாய்ந்துவிட்டாள். திட்டத்தில் சேர மறுத்த என் கணவர் மட்டும் மேலும் ஒரு வாரம் ராத்திரி 2 மணிக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தார்.