பழைய லீவைஸ் 501 ஜீன்ஸ்: வாங்குமுன் வயதைக் கணிப்பது எப்படி

சிங்கப்பூர் ஹாஜி லேன் கடையிலோ கேரோசல் இணையச் சந்தையிலோ "பிக் ஈ விண்டேஜ்" என்று சொல்லி நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்பார்கள். பின்பையில் இருக்கும் சிவப்புத் துணிப்பட்டையை மட்டும் பார்த்துப் பணத்தை நீட்டாதீர்கள். அந்தப் பட்டை 1936இல் வந்தது. 1971 வரை அதிலுள்ள லீவைஸ் என்ற ஆங்கிலப் பெயரில் 'ஈ' பெரிய எழுத்து, பிறகு சிறிய எழுத்து என்பது உண்மைதான். ஆனால் பழைய மாதிரிகளை நிறுவனமே மறுபடி தைத்து விற்கிறது. அவற்றிலும் பெரிய 'ஈ' இருக்கும்.

பின்பற்ற வேண்டிய விதி ஒன்றுதான்: ஓர் உடையில் தென்படும் மிகப் புதிய அம்சத்தைவிட அந்த உடை பழையதாக இருக்க முடியாது.

முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். துவைக்கும் முறையைச் சொல்லும் சீட்டு அமெரிக்காவில் 1972 ஜூலையில்தான் கட்டாயமானது. ஆகவே சீட்டோடு வரும் 'பிக் ஈ' பெரும்பாலும் மறுபதிப்பு. சீட்டு இல்லையென்றால் உடனே மகிழ வேண்டாம். யாராவது வெட்டியிருக்கலாம், தையலில் நூல் மிச்சம் தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். சொற்கள் இல்லாமல் படக்குறிகள் மட்டும் இருந்தால், அமெரிக்கச் சந்தைக்குத் தைத்தவற்றில் அது 1997க்குப் பிந்தையது. வெளிநாட்டுக்குத் தைத்தவற்றில் முன்பே இருக்கலாம்.

சீட்டில் 'டபிள்யூபிஎல் 423' என்ற அமெரிக்க உற்பத்தியாளர் பதிவெண்ணைக் கண்டால் சிலர் ஐம்பதுகள் என்பார்கள். அந்த வகை எண் வழங்குவது 1959இல் நின்றது, சரி. ஆனால் லீவைஸ் அதே எண்ணை இன்றும் அச்சிடுகிறது. வயதுக்கு அது சான்றே அல்ல.

அடுத்து பின்பை. 1937இல் பை மூலைகளில் அடிக்கும் செம்பு ரிவெட்டுகளை (உலோக ஆணிகளை) பைத்துணிக்கு அடியில் மறைத்தார்கள், 1966இல் அவற்றை நீக்கி நெருக்கத் தையல் போட்டார்கள். எனவே உள்பக்கம் ரிவெட் தெரிந்து வெளியே தெரியாவிட்டால், மறுபதிப்பு அல்லாதபட்சத்தில், இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்டது.

பிறகு கால் நுனியைத் திருப்பி வெளிப்பக்கத் தையலைப் பாருங்கள். வெள்ளை ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடினால் செல்வெட்ஜ், அதாவது நெசவிலேயே முடிந்த துணி ஓரம். சாதாரண 501இல் அது எண்பதுகளின் நடுவில் மறைந்துவிட்டது. விளிம்பு ஓவர்லாக் (பிரியாமலிருக்க நூல் சுற்றிய தையல்) அடித்திருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். கால் உயரம் வெட்டப்பட்டிருந்தாலும் அப்படியே.

அளவுக்குச் சீட்டை நம்பாதீர்கள். துவைத்தால் சுருங்கும் டெனிம் இது. 34 என்று எழுதியிருப்பது 31 ஆகியிருக்கலாம். இடுப்பைத் தட்டையாக விரித்து நாடாவால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். இணையத்தில் வாங்கினால் இந்த அளவையும், பொத்தானின் பின்புறம் பொறித்த எண்ணின் படத்தையும் கேளுங்கள். 555 என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ வாலன்சியா தெரு ஆலை. அது 2002இல் மூடியது. அங்கே மறுபதிப்புகளும் தைத்தார்கள் என்பதால் விற்பவர் 555ஐப் பெருமையாகச் சொன்னாலும் மற்ற அடையாளங்களைச் சரிபார்த்தே முடிவெடுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். பைகளுக்குள் மோந்து பாருங்கள். வாங்கியதைக் குளிர்ந்த நீரில், உள்பக்கம் வெளியே இருக்கத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். டிரையர் மட்டும் வேண்டாம்: ஐம்பதுகளுக்குப் பிந்தைய இடுப்புச் சின்னம் தோல் அல்ல, அட்டை போன்ற பொருள், சூட்டில் சுருண்டு வெடித்துவிடும்.