ஜாபிக்ஸ் 7.0-க்கு மாறுகிறீர்களா? ப்ராக்ஸிகளையும் கணக்கில் வையுங்கள்

கணினிகளையும் நெட்வொர்க் கருவிகளையும் கண்காணிக்கும் மென்பொருளான ஜாபிக்ஸை அப்கிரேட் செய்வது என்றால் பலர் அதன் சர்வரை மட்டும்தான் பார்க்கிறார்கள். பேக்கேஜை மாற்றி, சர்வீஸை ஸ்டார்ட் செய்து, டாஷ்போர்டு திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. ஒரே சர்வர் என்றால் அது ஏறக்குறைய போதும். கிளைக்கு ஒரு ப்ராக்ஸி (அங்குள்ள தரவைத் திரட்டிச் சர்வருக்கு அனுப்பும் நிரல்) என்று விரித்து வைத்திருப்பவர்களுக்குப் போதாது. 2022-இல் வந்த 6.0-இலிருந்து 2024-இல் வந்த 7.0-க்குப் போவதையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள்.

அதிகம் அடிபடுவது நேரக் கணக்கில். புதிய சர்வர் முதன்முறை எழும்போது டேட்டாபேஸ் அமைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். லாக் கோப்பில் சதவீதம் ஏறிக்கொண்டே போகும். அது முடியும்வரை ப்ராக்ஸி அனுப்பும் தரவை வாங்க ஆள் இல்லை. ப்ராக்ஸி அதைத் தன்னிடமே சேர்த்துவைக்கும், ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? 'ப்ராக்ஸி ஆஃப்லைன் பஃபர்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1 மணி நேரம். மாற்றம் மூன்று மணி நேரம் இழுத்தால், பழைய இரண்டு மணி நேரத் தரவு போயே போய்விடும். இந்த மதிப்பை 720 மணி வரை உயர்த்தலாம். முந்தைய நாளே உயர்த்தி, ப்ராக்ஸியை ரீஸ்டார்ட் செய்து, அதன் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மூன்று மணியா முப்பது நிமிடமா என்பது டேட்டாபேஸின் நகல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஊகம் உதவாது.

அந்த ஒத்திகையில் வேறு சிலவும் வெளிப்படும். 7.0-க்கு டேட்டாபேஸாக மைசீக்வெல் 8.0.30 அல்லது போஸ்ட்கிரெஸ் 13, வெப் பக்கத்துக்குப் பிஎச்பி 8.0 ஆவது வேண்டும். உபுண்டு 20.04-இல் வருவது பிஎச்பி 7.4, அதனால் வெப் பக்கம் எழாது. மைசீக்வெலில் பைனரி லாக் (மாற்றங்களைப் பதியும் கோப்பு) இயங்கினால், டேட்டாபேஸ் ட்ரிகர் (தரவு மாறும்போது தானே ஓடும் கட்டளை) உருவாக்கும் அனுமதி இல்லாமல் அப்கிரேட் நடுவழியில் நிற்கலாம். நின்றுவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பப் பேக்கப் மட்டுமே வழி. மீட்டெடுத்துப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே சொல்லமாட்டேன்.

அடுத்தது வரிசை. "சின்னதை முதலில் மாற்றிப் பார்ப்போம்" என்று ஒரு ப்ராக்ஸியில் 7.0 போடுவது பத்திரமான வழிபோலத் தோன்றும். ஆனால் சர்வரைவிடப் புதிய ப்ராக்ஸிக்கு ஆதரவே கிடையாது. சர்வர்தான் முதலில். சர்வரை உயர் கிடைப்பு முறையில் (ஒன்று விழுந்தால் மற்றது ஏற்கும்படி) இரண்டு நோடுகளாக ஓட்டுபவர்கள் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை ஓடவிடக் கூடாது. எல்லா நோடுகளையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சர்வர் மாறிய பிறகு 6.0 ப்ராக்ஸிகள் தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும். இங்கேதான் சோம்பல் வரும்: ஓடுகிறதே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று. பழைய ப்ராக்ஸிக்குச் சர்வர் புதிய கான்ஃபிகரேஷனை அனுப்பாது. நேற்று சேர்த்த நெட்வொர்க் சுவிட்ச், இன்று மாற்றிய கண்காணிப்பு டெம்ப்ளேட் எதுவும் அந்தக் கிளைக்குப் போய்ச் சேராது. இருந்தவை மட்டும் பழையபடி ஓடுவதால், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆகவே கடைசி ப்ராக்ஸி மாறும்வரை புதிய ஹோஸ்ட் (கண்காணிக்கும் கருவி) சேர்ப்பதில்லை என்று குழுவுக்குள் முன்கூட்டியே பேசிவையுங்கள். 5.0-இலிருந்து நேரடியாகத் தாவுகிறவர்களுக்கு இந்த அவகாசமும் இல்லை. டேட்டாபேஸ் ஒரே தாவலில் 7.0-க்கு மாறிவிடும், ஆனால் 5.0 ப்ராக்ஸிகள் அனுப்பும் தரவைச் சர்வர் ஏற்காது. அவற்றை அன்றே மாற்றியாக வேண்டும்.

தரவை ஒரே கோப்பில் வைக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸில் ஓடும் ப்ராக்ஸி என்றால், பழைய கோப்பு புதிய பதிப்புக்கு மாற்றப்படுவதில்லை, புதிதாகத்தான் உருவாகும். தேங்கிய தரவு முழுக்கச் சர்வருக்குப் போன பிறகே அதில் கைவையுங்கள்.

கண்காணிக்கப்படும் கணினிகளில் ஓடும் ஏஜென்ட் நிரல்களை அதே இரவில் மாற்ற முயல்வது வீண் அலைச்சல். 1.4 பதிப்பிலிருந்து எந்த ஏஜென்ட்டும் 7.0 சர்வரோடு பேசும். புதிய வசதி தேவைப்படும் இடத்தில் மட்டும், சாவகாசமாக மாற்றினால் போதும்.