தரவைக்குப் பதில் காணி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலையோ காற்றாலையோ வரும்போது, "இங்கே அழியும் தரவைக்குப் பதிலாக வேறோர் இடத்தில் காணி வாங்கிக் காப்போம்" என்று நிறுவனம் சொல்லும். தரவை என்பது கடல்நீரேரி ஓரத்துத் திறந்த மேய்ச்சல் வெளி. அதை முதற் பேச்சாக எடுப்பதே முதல் தவறு. அழிவைத் தவிர்ப்பது, முடியாவிட்டால் குறைப்பது, கெட்டதைச் சீராக்குவது, இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் இழப்புக்குத்தான் பதில் காணி. யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றுபோனது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்னும் கிடக்கின்றன. அந்தக் கல்லுக்கு எந்தக் காணியும் ஈடாகாது.

அடுத்தது கணக்குப் பிழை. கடல்நீரேரிக் கரையில் 20 ஏக்கர் நல்ல தரவை இருக்கிறது. 10 ஏக்கர் ஆலைக்குப் போகிறது, மற்ற 10 ஏக்கரை வாங்கி வேலி அடைக்கிறார்கள். பறவைக்கு முன்பு 20 ஏக்கர் இருந்தது, இப்போது 10 தான். வாங்கியதால் ஓர் அடியும் கூடவில்லை. கெட்டுப்போன காணியை வாங்கி மீட்டால் கூடும். அல்லது, உறுதியாக அழியவிருந்த காணியைத் தடுத்துக் காத்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால் அந்த ஆபத்தைக் காட்டவேண்டும். கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரம் பேணல் சட்டப்படி அனுமதியில்லாமல் கட்ட முடியாது. அப்படிப்பட்ட துண்டை வாங்கிவிட்டு "காப்பாற்றினோம்" என்று எழுதுவது செல்லாது. மீட்கும் வேலை பல ஆண்டு இழுக்கும், சில இடத்தில் தோற்கும். ஆகவே ஏக்கருக்கு ஏக்கர் போதாது, கூடுதலாகவே வாங்கவேண்டும்.

தரவைக்குத் தரவைதான் ஈடு. மலிவாகக் கிடைக்கிறதென்று பனங்காணியை வாங்குவது சரிவராது. தரவையை ஆவணியில் பார்ப்பவருக்கு அது வெடித்து உப்புப் பூத்த வெறும் தரை. மாரியில் அதே இடம் தண்ணீரில் கிடக்கும். தை, மாசியில் நீர் வற்றும்போது ஓரச் சேற்றில் உள்ளான்கள் அலகைக் குத்திக் குத்திப் புழு எடுக்கும். கோடையில் ஒரு நாள் போய்விட்டு "உயிரினம் எதுவுமில்லை" என்று எழுதிய அறிக்கையை நம்பி விலை பேசாதீர்கள். ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை வலசைப் பறவைகளை எண்ணவேண்டும், கோடையிலும் ஒருமுறை பார்க்கவேண்டும். இழக்கும் காணி, வாங்கும் காணி இரண்டிலும் எண்ணவேண்டும்.

வெறுமையாகத் தெரிகிறதென்று அந்தச் சேற்றில் கண்டல் (அலையாத்தி மரம்) நட்டால் உள்ளானின் இரைத்தளம் போய்விடும், கண்டலும் பிழைக்காது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பிழையான நீர்மட்டத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் முக்கிய காரணங்கள். பழைய கண்டல் செத்த இடமானால் நீரோட்டத்தை எது மறித்தது என்று முதலில் தேடுங்கள். வீதியின் கீழ் அடைபட்ட மதகைத் திறந்தாலே பல இடங்களில் விதை தானாக வந்து ஊன்றும்.

இனி உறுதி, அதாவது காணிப் பத்திரம். யாழ்ப்பாணத்தில் காணி வாங்குபவர் அதிகம் இடறுவது இங்கேதான். பரம்பரையாக வந்த முதுசக் காணி பெரும்பாலும் பிரிக்காத பங்காகவே கிடக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, வெளியாருக்கு விற்குமுன் பங்காளிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அவர் வழக்குப் போட்டுக் காணியைத் தானே எடுக்கலாம். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைப் பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. வயற்காணியைப் பயிரிடாமல் நீர்நிலமாக விடுவதானால் வாங்குமுன்னரே கமநல சேவைகள் நிலையத்தில் பேசுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் காசு போடும்போது, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள்: வெளிநாட்டவரின் பெயருக்கோ, பாதி பங்கோ அதற்கு மேலோ வெளிநாட்டார் வைத்திருக்கும் கம்பனியின் பெயருக்கோ காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை.

பழைய உறுதியில் "8 பரப்பு" என்று இருந்தால் அரை ஏக்கர். பரப்புக்கு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆனால் உறுதியில் எல்லையாக எழுதியிருக்கும் அயற்காணிக்காரரின் பெயர்கள் பெரும்பாலும் இறந்துபோனவர்களுடையவை. மேற்கெல்லை கடல்நீரேரி என்று இருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் எவ்வளவு தின்றிருக்கிறதென்று உறுதியில் தெரியாது. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து, அந்த வரைபடத்தின்மீது உறுதி எழுதுவியுங்கள். காணிப்பதிவகத்தில் தேடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிப் போட்டுவிட்டு மறப்பதும் ஆபத்து. வேறொருவர் 10 ஆண்டு தடையின்றித் தன்னுடையதாக ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். காவலுக்கு ஆள் வேண்டும், ஆண்டுக்கொருமுறை எல்லைக்கல் பார்க்கவேண்டும், அந்தத் திகதியைக் குறித்துவைக்கவேண்டும். வேலிக்குக் கிளுவைக் கதியால் (நட்டால் தழைக்கும் கிளுவைக் கம்பு) நல்லது. ஆனால் ஊர் மாடுகள் வழக்கமாக மேயும் தரவையை ஒரே நாளில் அடைத்தால் அவை அடுத்த தரவைக்குப் போய் அதை மொட்டையாக்கும். நீங்கள் காத்தது அங்கே அழியும். எந்த மாதம் எவ்வளவு மாடு என்று உரியவர்களோடு முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பார்த்தீனியக் களையைப் பூக்குமுன் வேரோடு பிடுங்க ஒவ்வொரு மாரியிலும் கூலியாள் தேவை. அந்தச் செலவு காணி விலையில் அடங்காது. அதற்கெனத் தனி வைப்பை உறுதி எழுதும் அதே நாளில் போட்டு, காணியையும் வைப்பையும் நம்பிக்கைப் பொறுப்புறுதியாக, அதாவது காக்கும் நோக்கத்துக்கென்றே பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கும் உறுதியாக, எழுதுவியுங்கள். கம்பனியின் பெயரிலேயே விட்டால், கம்பனி கடன்படும் அன்று தரவையும் ஏலத்துக்குப் போகும்.