வெளிச்சத்தில் தரவு அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மண்டபம் படகுத்துறையில் இரண்டு கல்லூரித் தம்பிகளைப் பார்த்தேன். வல்லத்தில் (நாட்டுப் படகில்) ஒரு எல்இடி, கரையில் ஒரு போட்டோ டயோடு, அதாவது வெளிச்சத்தை மின்சாரமாக்கும் உணரி. ஐஸ் பெட்டியின் வெப்பநிலையை வெளிச்சத்திலேயே கரைக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். நான் 10 வருடத்துக்கு முன்பு சறுக்கிய அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். வயர் மாறிப்போவது, பேட்டரி தீர்வது எல்லாம் தானே புரிந்துவிடும், அவற்றை விடுகிறேன்.

'யூ' எழுத்தை நம்புவது

எல்லோரும் ஆன்-ஆஃப் முறையில்தான் தொடங்குகிறோம். விளக்கு எரிந்தால் 1, அணைந்தால் 0. சோதிக்க ஆங்கிலப் பெரிய எழுத்து 'யூ'வை (U) ஓடவிடுவோம். அதன் பிட்டுகள் 01010101. எழுத்துக்கு முன்னும் பின்னும் போகும் தொடக்க பிட்டும் (0) முடிவு பிட்டும் (1) சேர்ந்தால் அலைகாட்டியின் திரையில் அப்பழுக்கில்லாத சதுர அலை. நானும் அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நம்பினேன். அப்புறம் 'மீன்' என்று தமிழில் அனுப்பினேன். குப்பையாக வந்தது.

வெயிலின் நிலையான வெளிச்சத்தைக் கழிக்க வாங்கியில் (ரிசீவரில்) ஒரு கெபாசிட்டர் வைத்திருப்போம். மாறாத எதையும் அது கழித்துவிடும், நம் தரவையும் சேர்த்து. எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தின் முதல் பைட் 11100000. பிட் பிட்டாக அனுப்பும் சீரியல் முறையில் அது வலது கோடியிலிருந்து போகும். தொடக்க பிட்டோடு வரிசையாக ஆறு பூஜ்யம். அதற்குள் சிக்னலின் அடிமட்டம் நகர்ந்து, 0-வா 1-ஆ என்று முடிவு செய்யும் கம்பரேட்டர் 0-ஐ 1 என்று படித்துவிடும். எதுவும் அனுப்பாமல் விளக்கு எரிந்தபடியே நின்றால் இன்னும் மோசம், அடுத்து வரும் முதல் எழுத்தே போய்விடும். பெரிய கெபாசிட்டர் போட்டால் கோளாறு தள்ளிப்போகும், தீராது.

இது தெரியாமல் பெருக்கியை (ஆம்ப்ளிஃபயரை) மாற்றினேன், லென்ஸ் வாங்கினேன், வாட் கூடிய எல்இடி போட்டேன். மூன்று மாதமும் கைக்காசும் போனது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. கோளாறு பண்பேற்றத்தில், அதாவது பிட்டுகளை வெளிச்சமாக மாற்றும் முறையில் இருந்தது. மான்செஸ்டர் முறையில் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு மாற்றம் கட்டாயம் உண்டு. சராசரி வெளிச்சம் நகராது. அதே டயோடில் 'மீன்' பிசகாமல் வந்தது. வேகம் பாதியாகுமே என்று தம்பிகள் தயங்கினார்கள். ஐஸ் பெட்டிக்கு எதற்கு அவ்வளவு வேகம்?

ராத்திரியில் மட்டும் சோதிப்பது

நேர் வெயில் பட்டால் பெருக்கி உச்சத்தில் போய் முட்டி நின்றுவிடும். அதன் பிறகு எந்தப் பண்பேற்றமும் உதவாது. டயோடுக்கு முன்னால் கருப்புக் குழாய் ஒன்றை மாட்டி, மதியம் 12 மணிக்குப் பாம்பன் கரையில் சோதியுங்கள்.

வெள்ளை எல்இடியின் மந்தம்

நீலச் சில்லின் மேல் நீலத்தை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. நீலம் சட்டென்று அணையும், மஞ்சள் இழுக்கும். சில மெகாஹெர்ட்ஸைத் தாண்டுவதானால் வாங்கியில் நீல வடிகட்டி வையுங்கள்.

மினுக்கல்

விளக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது நொடிக்கு 200 முறைக்குக் குறைவாக மினுக்க வேண்டாம். கண்ணுக்குக் கெடுதல்.

வைஃபையின் ஓஎஃப்டிஎம்மை அப்படியே எடுப்பது

ஓஎஃப்டிஎம் என்பது தரவைப் பல அலைகளில் பிரித்து ஒன்றாக அனுப்பும் முறை. அந்தச் சிக்னல் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், வெளிச்சத்துக்கு மைனஸ் கிடையாது.