தட்டும் கரண்டியும் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

கல்யாண சீசனில் எந்தப் பாத்திரக் கடைக்குப் போனாலும் ஒரே காட்சிதான். ஒருவர் ஸ்பூனில் காந்தத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் தட்டைச் சுண்டி ஓசை கேட்பார். மூன்றாமவர் டின்னர் செட் பெட்டி மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அசந்து நிற்பார். பழைய தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் புதுக்குடித்தனம் வைப்பவர்களும் சறுக்குகிறார்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதே, கீழே போட்டு உடைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

'33 பீஸ்' என்ற எண்ணுக்குக் காசு கொடுப்பது

33 பீஸ் செட்டைப் பிரித்துப் பாருங்கள். ஃபுல் பிளேட் 6, குவார்ட்டர் பிளேட் 6, வெஜ் பவுல் 6, சூப் பவுல் 6, சூப் ஸ்பூன் 6, பரிமாறும் பவுல் 2, ரைஸ் பிளேட் 1. நம் வீட்டில் தினமும் மேஜைக்கு வருவது முதல் மூன்று வகை, மொத்தம் 18. சூப் ஸ்பூன் ஆறும் அலமாரியிலேயே கிடக்கும். மூடியைத் தனி பீஸாக எண்ணும் செட்டுகளும் உண்டு.

எண்ணிக்கையை விடத் தட்டின் உள்வட்டம் முக்கியம். 27 செ.மீ. தட்டு என்று சொல்வது விளிம்போடு சேர்த்த அளவு. விளிம்பு அகலமாக இருந்தால் சோறு விழும் சமதளம் 18, 19 செ.மீ.தான் மிஞ்சும், தோசை விளிம்பில் ஏறி உட்காரும். ரசமும் மோரும் ஊற்றிப் பிசைந்து சாப்பிடும் வீட்டுக்குத் தட்டில் 2 செ.மீ. ஆழமாவது வேண்டும். பீங்கானாக இருந்தால், அதே டிசைனில் ஒரு தட்டு தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால், இரண்டு உடைந்த அன்றோடு அந்த செட் விருந்துக்கு ஆகாது.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்பது

பாதி உண்மைதான். 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். அதில் காந்தம் ஒட்டாது. 202 ரகத்திலும் ஒட்டாது. 202-இல் நிக்கலை 4 முதல் 6 சதவீதமாகக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீஸைப் போட்டிருப்பார்கள். நிக்கலை இன்னும் குறைத்த மலிவு ரகங்களும் சந்தையில் உண்டு. அவற்றிலும் காந்தம் ஒட்டாது. உப்பும் புளியும் ராத்திரி முழுக்கத் தங்கினால், ஊசி குத்தியது போலப் புள்ளி விழுவது இந்த ரகங்களில்தான் சீக்கிரம் நடக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சாப்பாட்டுக் கத்தியில் காந்தம் ஒட்டியதும் மட்டம் என்று தள்ளுவார்கள். கத்தி கூர் பிடிக்க வேண்டுமானால் காந்தம் ஒட்டும் ரகத்தில்தான் செய்ய முடியும். நல்ல 304 தட்டிலும் மடித்த விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும். தகட்டை அழுத்தி வளைத்ததால் வருவது அது, கலப்படம் அல்ல. ரகத்தை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடைக்காரர் விஷயத்தைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ., 22 கேஜ் 0.7, 24 கேஜ் 0.56. ஸ்பூனுக்குக் கழுத்துப் பகுதியில் 2 மி.மீ. கனம் வேண்டும், அதற்குக் குறைந்தால் ஐஸ்கிரீமில் குத்தும்போதே வளையும். முள்கரண்டி வாங்கும்போது பற்களின் நடுவில் நகத்தை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே பாலிஷ் போடச் செலவு கூடும் என்று மட்டமான சரக்கில் சொரசொரப்பாகவே விட்டிருப்பார்கள்.

வெள்ளியை மொத்த எடையில் மதிப்பிடுவது

உண்மையிலேயே கை சுடும் இடம் இதுதான். பழைய பங்களா சாமான்கள் ஏலத்துக்கு வரும்போதும், பாட்டி வீட்டுப் பெட்டியைத் திறக்கும்போதும் தராசைத் தேடி ஓடுகிறார்கள். தராசு காட்டுவதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி ஒரு தொகையைச் சொல்கிறார்கள். அந்தத் தொகைக்கு மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது, அது வெள்ளிதானா? ஜெர்மன் சில்வர் என்பது தாமிரம், நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. அதன் மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசியதுதான் இ.பி.என்.எஸ். (EPNS). இங்கிலாந்தில் 1840-இல் எல்கிங்டன் இந்த முறைக்குக் காப்புரிமை எடுத்தபின், மலைத்தோட்ட பங்களாக்களிலும் கிளப்புகளிலும் மேஜையை நிரப்பியது பெரும்பாலும் இந்த முலாம் சரக்குதான். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் கேடயத்துக்குள் வைத்து முத்திரை குத்தியிருப்பார்கள். தெரியாதவர் கண்ணுக்கு அது அப்படியே ஹால்மார்க். அசல் பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கில் (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) நடக்கும் சிங்கம், ஊரின் சின்னம் (பர்மிங்காம் என்றால் நங்கூரம்), வருடத்துக்கான எழுத்து, செய்தவர் முத்திரை என வரிசையாக இருக்கும். 'ஏ1' என்று குத்தியிருந்தால் அது முலாமின் தரத்தைச் சொல்வது. வெள்ளியின் தரம் அல்ல.

முத்திரை தேய்ந்திருந்தால் ஸ்பூனைக் கவிழ்த்து, மேஜையில் படும் முதுகைப் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது அங்கேதான். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தெரியாவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் ஸ்பூனை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், 62 கிராம் என்று வைப்போம். பிறகு உயரமான டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். ஸ்பூனை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் ஒரு முறை ஆட்டிவிடுங்கள். தராசு 6.0 காட்டினால் 62-ஐ 6-ஆல் வகுக்க 10.3 வரும். 925 வெள்ளியின் அடர்த்தி அதுதான். 7.1 காட்டினால் 8.7; ஜெர்மன் சில்வர். கடையில் வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவி மேல்தோலை மட்டும் படிப்பது. தடித்த முலாமை அது வெள்ளி என்றே சொல்லும். ஓர் ஓரத்தைச் சுரண்டிக் காட்டச் சொல்லாமல் அந்தச் சீட்டை நம்பக் கூடாது.

இரண்டாவது ஓட்டை கத்தி. வெள்ளி செட்டில் முள்ளும் ஸ்பூனும் முழு வெள்ளி. கத்தியின் அலகோ எஃகு. கைப்பிடி உள்ளே வெற்றுக் கூடு. அதில் குங்கிலியமோ சிமென்ட் போன்ற பூச்சோ நிரப்பியிருப்பார்கள். 80 கிராம் கத்தியில் வெள்ளி 20 கிராம் இருந்தால் பெரிது. ஆறு பேர் செட்டைக் கணக்குப் போடுவோம்: முள் 6 × 60 = 360, ஸ்பூன் 6 × 70 = 420, கத்தி 6 × 80 = 480. தராசு 1,260 கிராம் காட்டும். கத்திக்கு 120 மட்டும் எடுத்தால் 900. 925 தரம் என்பதால் அதை 0.925-ஆல் பெருக்கினால் சுத்த வெள்ளி 832 கிராம். 1,260-க்குப் பணம் கொடுத்தவர் 428 கிராம் இல்லாத வெள்ளியை வாங்கியிருக்கிறார். இதை விளக்கிச் சொன்ன பிறகும் "மொத்தமா எடை போட்டுச் சொல்லுங்க" என்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

மூன்றாவது, புதுத் தட்டு வாங்கும்போது. வியாபாரிகள் 'டச்' என்று சொல்வது சுத்தத்தை. 80 டச் தட்டுக்குச் சுத்த வெள்ளி விலையைப் போட்டால், வாங்கும்போதே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எதுவும் திருப்பிக் கொடுக்கும்போது வராது. ஒட்டுப் போட்ட பற்றாசில் வெள்ளி குறைவு என்பதால், பூவேலைப்பாடு ஒட்டிய தட்டை உருக்கினால் சொன்ன டச்சை விடக் குறைவாகவே நிற்கும். முதலீடு என்று சொல்லி வேலைப்பாடு மிகுந்த தட்டை வாங்குவதில் அர்த்தமே இல்லை. சாப்பிட வேண்டும் என்றால் வழவழப்பான வெற்றுத் தட்டு வாங்குங்கள், பி.ஐ.எஸ். முத்திரையும் 925, 900 போன்ற தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பர் முதல் ஹால்மார்க் வெள்ளிக்கும், பொருளுக்குப் பொருள் மாறும் ஆறு இலக்க (எழுத்தும் எண்ணும் கலந்த) ஹெச்.யு.ஐ.டி. அடையாள எண் வந்திருக்கிறது. எண் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

முலாம் சாமானை விபூதி போட்டுத் தேய்ப்பது

முழு வெள்ளி தாங்கும். முலாம் தாங்காது. கறுப்பை எடுக்க அலுமினியம் ஃபாயில், வெந்நீர், சமையல் சோடா வைத்தியம் நல்லதுதான். ஆனால் கைப்பிடி நிரப்பிய கத்தியை அதில் போட்டால் குங்கிலியம் இளகி அலகு கையோடு வந்துவிடும்.

போன் சைனா என்ன என்று கேட்காமல் வாங்குவது

சைவ வீட்டுக்காரர்கள் கவனிக்க: போன் சைனா என்ற பீங்கானில் நிஜமாகவே எலும்புச் சாம்பல் உண்டு, வழக்கமாக 30 சதவீதத்துக்கு மேல். விளக்குக்கு எதிரே பிடித்துப் பின்னால் விரலை வையுங்கள், நிழல் தெரியும். வேண்டாம் என்பவர்களுக்கு போர்சிலின், ஸ்டோன்வேர், ஓபல் கண்ணாடி இருக்கின்றன.

தங்க விளிம்புத் தட்டு

மைக்ரோவேவில் பொறி பறக்கும்.

மெலமைனில் கொதிக்கும் சாம்பார்

70 டிகிரிக்கு மேல் வேண்டாம். மைக்ரோவேவ் அறவே கூடாது.

வெள்ளீயம் பூசாத பித்தளைத் தட்டில் புளியும் தயிரும்

களிம்பு ஏறும். வெள்ளீயம் பூசித்தான் பயன்படுத்த வேண்டும். வெண்கலத்துக்குப் பூச்சு தேவையில்லை; அதைப் பூசித் தருகிறேன் என்று கூலி கேட்பவரிடம் ஜாக்கிரதை.

வெள்ளி ஸ்பூன்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைப்பது

ரப்பரில் கந்தகம் உண்டு. சுற்றிய இடத்தில் கறுப்புக் கோடு அரித்து இறங்கும். பாலிஷ் போட்டாலும் தடம் நிற்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றி, நூலால் கட்டுங்கள்.